தனக்கென ஒரு பிடி

“எனக்கென்று கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டால் பாவமா, சாமி?”

பங்குப் பணியில் சில ஆண்டுகள் கழித்த எந்தக் குருவும் இக்கேள்வியைக் கேளாமல் இருந்திருக்க மாட்டார். கேட்பவர்கள் பெரும்பாலும் எளியவர்கள். தம்பியின் கடனை மூன்று முறை அடைத்துவிட்டு நான்காம் முறை கையை விரித்த அண்ணன்; படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பேணிக் களைத்து, ஒரு வாரம் தாய்வீடு சென்று திரும்பிய மருமகள்; கூலியில் பத்து ரூபாயை மறைத்து வைத்து, அதை மறைத்ததற்காக வருந்தும் கிழவி. இக்கேள்வியைக் கட்டாயம் கேட்டாக வேண்டியவர்கள் இதைக் கேட்பதில்லை என்பது வேறு செய்தி.

இறையியல் நூல்கள் இதற்கு அளிக்கும் விடை பலர் எண்ணுவதைக் காட்டிலும் கனிவானது. பிறரன்புக் கட்டளையே தன்னன்பை அளவுகோலாக வைத்துத்தான் தொடங்குகின்றது. லேவியர் நூலில் தோன்றி, நற்செய்தியில் முழுமை பெற்ற அக்கட்டளை, ஒருவன் தன்னை நேசிப்பதை ஏற்கெனவே உள்ளதோர் உண்மையாகக் கொண்டு, அந்த அளவால் பிறனையும் நேசிக்கச் சொல்கின்றது. அளவுகோலை முறித்துப் போட்டுவிட்டு எதைக் கொண்டு அளப்பது? அக்குவினா நகர்ப் புனித தோமா தமது ‘இறையியல் தொகுதி’யின் இரண்டாம் பாகத்தில் அன்பின் ஒழுங்கைப் பற்றி ஆராயுமிடத்து, மனிதன் இறைவனுக்கு அடுத்தபடியாகத் தன் ஆன்மாவின் நலத்தையே நாட வேண்டும் என்கின்றார். அவர் அத்துடன் நிற்கவில்லை. பிறனுடைய ஆன்ம நலத்தைத் தன் உடல் நலத்திற்கும் மேலாகக் கருத வேண்டும் என்று அடுத்த பகுதியிலேயே சேர்க்கின்றார். ஈகையைப் பற்றிய பகுதியிலோ இன்னும் தெளிவு. தானும் தன் பிள்ளைகளும் உயிர் வாழ்வதற்கு இன்றியமையாததை எடுத்துத் தானமிடுவது பொதுவாகத் தகாது என்பது அவர் முடிவு. பத்து ரூபாய்க் கிழவிக்கு இவ்வளவே போதும்.

எனினும் நூலில் உள்ள விடை தனிமனிதனுக்கு உரியது. ஊரும் அரசும் வணிகமும் சேர்ந்த இடத்தில் ‘எனக்கென்று கொஞ்சம்’ என்பது எங்கே முடிய வேண்டும்? இதற்கு விடை தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சேர்வராயன் மலையும் அதன் காலடியில் கிடக்கும் சேலம் சீமையும் கடந்த இருநூறு ஆண்டுகளில் இக்கேள்வியைப் பல கோணங்களில் கண்டிருக்கின்றன.

மலையின் பெயரே அங்குள்ள தெய்வத்தின் பெயர். 5,326 அடி உயரத்தில், குகை வடிவான கோயிலில் சேர்வராயன் வழிபடப்படுகின்றார். ஆண்டுதோறும் மே மாதத்தில் மலையாளி மக்கள் ஒன்றுகூடித் திருவிழா எடுக்கின்றனர். மலையாளி என்ற சொல் இங்கே கேரளத்தாரைக் குறிப்பதன்று. மலையில் வாழும் தமிழ்ப் பழங்குடியினரைக் குறிப்பது. காஞ்சியிலிருந்து வந்த மூன்று உடன்பிறந்தாரின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களது மரபுக்கதை. சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்து வாழ்ந்த அவர்களுடைய மலைக்குக் காப்பிச் செடி வந்து சேர்ந்தது எம். டி. காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரரால். 1820 முதல் 1829 வரை சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்தவர் அவர். காப்பியோடு பேரிக்காய், ஆப்பிள் முதலியவற்றையும் கொண்டுவந்து பயிரிட்டமையால் ‘ஏற்காட்டின் தந்தை’ என்று அவரைக் குறிப்பிடுவர். (சுற்றுலாக் கையேடுகள் சில, ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1842-இல் ஏற்காட்டைக் கண்டுபிடித்தார் என்று அச்சிடுகின்றன. மன்றோ 1827-இலேயே பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு இறந்துவிட்டார். இறந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் மலையேறிய ஆளுநர் நம் நாட்டு வரலாற்றில் அவர் ஒருவரே!)

மன்றோவை இவ்விடத்தில் அடியோடு விட்டுவிடவும் இயலாது. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கும்பினியாரின் கைக்கு வந்தபோது, கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் கீழ் நில வருவாய்ப் பணியில் அமர்ந்த இளம் அதிகாரிகளுள் அவரும் ஒருவர். உழுபவனுக்கும் அரசுக்கும் நடுவே ஜமீன்தார் எவரும் இன்றி, நேரே தீர்வை விதிக்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் முளைவிட்டது. தன் நிலம் தன்னுடையதென்ற உறுதி இருந்தால் உழவன் கிணறு வெட்டுவான், வரப்பு உயர்த்துவான், வண்டல் அடிப்பான் என்பது அதன் அடிப்படை நம்பிக்கை. தீர்வை பல இடங்களில் தாங்க முடியாத பளுவாயிற்று என்பது உண்மையே. ஆயினும் அந்நம்பிக்கை பொய்யன்று. பிறன் நிலத்தில் நூறு கூலியாள் வெட்டும் கிணற்றைவிடத் தன் நிலத்தில் ஒரு குடும்பம் வெட்டும் கிணறு ஆழமாய் இருப்பதைச் சேலம் மாவட்டத்து எந்தக் கிராமத்திலும் காணலாம். அக்கிணற்றைத் தன்னலம் என்று எவரும் ஏசுவதில்லை. கோடையில் அண்டை வீட்டாரும் அதிலேதான் குடம் இறக்குவர்.

காப்பித் தோட்டத்தின் கதையும் ஏறக்குறைய இத்தகையதே. காப்பி நட்டவர்கள் அறம் செய்வதற்காக நடவில்லை. விலை போகும் என்று நட்டார்கள். விரைவில் மிகுதியாகக் காய்க்க வேண்டும் என்ற அவாவில், தென்னிந்திய மலைகள் பலவற்றில் காட்டை முற்றிலும் அழித்துத் திறந்த வெயிலில் செடி வைத்தவர் உண்டு. 1860-களில் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு குடகு முதலிய பகுதிகளில் தோட்டங்களை அடியோடு தின்று தீர்த்தபோதுதான், அராபிக்கா காப்பிக்கு நிழல் வேண்டும் என்ற பாடம் உறைத்தது. தோட்டக்காரர்கள் மரங்களை வளர்க்கத் தொடங்கினார்கள். இன்று ஏற்காட்டுத் தோட்டங்களில் சவுக்கு மரம்போல் நெடிதுயர்ந்து நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அதன்மேல் மிளகுக் கொடி ஏறுகின்றது, கீழே காப்பி பூக்கின்றது, மண் அரிக்காமல் நிற்கின்றது. இங்கே தன்னலத்தைத் தன்னலமே திருத்திற்று. பேராசைக்காரனை அவனுடைய சொந்த நட்டமே நிழல் தேட வைத்தது.

இதைக் கண்டு மயங்கி, தன்னலம் எப்போதும் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. தோட்டக்காரன் தவறினால் நட்டம் அவனுக்கு. ஒருவனுடைய தன்னலத்தின் நட்டம் இன்னொருவன் வயிற்றில் விழுமானால் என்ன செய்வது?

ஏற்காட்டில் ‘லேடீஸ் சீட்’ என்று வழங்கும் பாறை விளிம்பில் நின்று நோக்கினால் சேலம் நகரம் முழுவதும் கீழே தெரியும். 1876-இல் பருவமழை பொய்த்த பின், அச்சமவெளியில் நிகழ்ந்தவை நம் மாவட்டத்தின் வரலாற்றிலேயே மிகக் கொடியவை. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் இன்றும் நடுக்கத்தோடு நினைக்குமாறு சொல்லிச் சென்றது அதுவே. சென்னை மாகாணத்தில் மிகக் கடுமையாகத் தாக்குண்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று.

பஞ்சத்தை விவரிப்பதற்கு முன் ஒரு பழைய வழக்கை நினைவுகூர வேண்டும். உரோமைப் பேச்சாளர் சிசரோ கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் அதை முன்வைக்கின்றார். ரோட்ஸ் தீவில் கடும் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகன் கப்பல் நிறையத் தானியம் கொண்டு வருகின்றான். தனக்குப் பின்னே இன்னும் பல தானியக் கப்பல்கள் புறப்பட்டு வருவதை அவன் வழியில் கண்டிருக்கின்றான். இச்செய்தியை ரோட்ஸ் மக்களுக்குச் சொல்லிக் குறைந்த விலைக்கு விற்பதா, சொல்லாமல் கிடைத்த விலைக்கு விற்பதா? சொல்லியே தீர வேண்டும் என்பது சிசரோவின் கட்சி. பதின்மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் இதையொத்த வழக்கை எடுத்துக்கொண்ட புனித தோமாவோ, நாம் எதிர்பாராத விடை தருகின்றார்: அன்று அவ்விடத்தில் நிலவும் விலைக்கு விற்பவன் நீதிக்கு மாறாக நடந்தவன் ஆகான்; சொல்லியிருந்தாலோ விலையைக் குறைத்திருந்தாலோ அவனுடைய நற்பண்பு மேலும் சிறந்திருக்கும்.

குருமடத்தில் இப்பகுதியைப் படிக்கும் இளைஞர்கள் முகம் சுளிப்பது இயல்பு. புனிதர் வணிகனிடம் இவ்வளவு தாராளம் காட்டலாமா? ஆனால் அவர் வேறோரிடத்தில் கூறுவதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இலாபம் தன்னளவில் தீயதன்று. குடும்பத்தைத் தாங்குதல், வறியோர்க்கு உதவுதல், நாட்டுக்குத் தேவையானதைக் கொண்டுவந்து சேர்த்தல் முதலிய நோக்கங்களை நாடும் மிதமான இலாபம் ஏற்புடையது. நோக்கம் உண்டென்றால் எல்லையும் உண்டு. இலாபத்திற்காகவே இலாபம் தேடுவதற்கு எல்லை இல்லை, ஆகையால் அது இழிந்தது. மேலும், உயிர் போகும் நெருக்கடியில் உடைமையின் வேலி விலகிவிடுகின்றது. சாகக் கிடப்பவன் வேறு வழியின்றி எடுத்துக்கொள்ளும் பிறன் பொருள் களவாகாது என்பதும் அவர் போதனையே. ரோட்ஸ் வணிகனுக்குக் காட்டிய சலுகை இந்த வேலிக்குள் அடங்கியது.

இனிச் சேலத்துக்கு வருவோம். சென்னையிலிருந்து வரும் இருப்புப்பாதை 1860-களிலேயே இம்மாவட்டத்தை எட்டியிருந்தது. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய அரிசி இரயிலில் உள்நாட்டிற்கு வந்தது. ஆக, தானியமே இல்லாமல் போயிற்று என்று சொல்வதற்கில்லை. அதை வாங்கும் காசுதான் மக்களிடம் இல்லை. மழையில்லாதபோது உழவு இல்லை, உழவில்லாதபோது கூலி இல்லை, கூலியில்லாதபோது நெசவாளியின் சேலையை வாங்குவாரும் இல்லை. பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1981-இல் பஞ்சங்களைப் பற்றி எழுதிய நூலில் விளக்கிக் காட்டியது இத்தகைய நிலையையே. தானியம் விலையைத் தேடிச் செல்லும். பசியைத் தேடிச் செல்லாது.

சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகன் 1876 இறுதியில், ஆர்பத்நாட் கம்பெனி வாயிலாக 30,000 டன் தானியத்தை மறைவாக வாங்கி இருப்பு வைக்க முற்பட்டார். இந்திய அரசு அதைக் கண்டித்துத் தடுத்தது. தானிய வாணிபத்தில் அரசு தலையிடலாகாது என்பது வைசிராய் லிட்டன் பிரபுவின் அசையாத கொள்கை. வணிகரின் தன்னலமே தானியத்தை வேண்டிய இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் என்று 1776-இல் ஆடம் ஸ்மித் எழுதியதை அக்கால அதிகாரிகள் மறைநூலைப்போல் மதித்தனர். அதே ஸ்மித் 1759-இல், பிறர் துயரை உணரும் மனிதப் பண்பைப் பற்றி ஒரு முழு நூல் எழுதியிருந்தார் என்பதை நினைத்தவர் குறைவு. ரோட்ஸ் வணிகன் தன் இலாபத்தை இலாபம் என்றே அறிந்திருந்தான். கல்கத்தாவிலோ அது ஒரு கோட்பாடாகி, அரசின் கடமையாகவே ஏற்றம் பெற்றது. தன்னலத்தின் வரலாற்றில் இது ஒரு புதிய திருப்பம் என்றே நான் கருதுகின்றேன்.

1877 சனவரியில், இந்திய அரசின் பேராளராகச் சர் ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார். சாலை போடவும் ஏரி வெட்டவும் வந்த பஞ்சக் கூலிகளில் பெருந்தொகையினரை அவர் பட்டியலிலிருந்து நீக்கினார். எஞ்சியோருக்கும் கூலியைக் குறைத்தார். நாள் முழுதும் மண் சுமந்த ஆடவனுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓர் அணாவும். பெண்களுக்கும் சிறுவருக்கும் அதனினும் குறைவு. ‘டெம்பிள் கூலி’ என்று அது பெயர் பெற்றது.

டெம்பிள் கல்நெஞ்சரா? அவருடைய முந்தைய வரலாறு அவ்வாறு காட்டவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் பீகாரில் பஞ்சம் வந்தபோது, நான்கு இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட அரிசியைப் பர்மாவிலிருந்து தருவித்துப் பகிர்ந்தளித்து, பட்டினிச் சாவு ஏறத்தாழ இல்லாமலே காத்தவர் அவர். உலகம் அவரைப் போற்றியிருக்க வேண்டும். இலண்டன் பத்திரிகைகளும் மேலதிகாரிகளும் அவரை ஊதாரி என்று தூற்றினார்கள். அந்தத் தூற்றலுக்குப் பின் சென்னைக்கு வந்தவர்தான் ஓர் இராத்தல் டெம்பிள். பீகாரில் கெட்ட பெயரைச் சென்னையில் கழுவிக்கொள்ள விரும்பினார் என்று எண்ண இடமுண்டு. 1877 மே மாதத்தில் அவர் பம்பாய் மாகாண ஆளுநராக அமர்ந்தார்.

அவர் ஒரு பிடி அரிசியைக்கூடத் தமக்கென எடுத்துக்கொள்ளவில்லை. கையூட்டு வாங்கவில்லை, பதுக்கவில்லை. கருவூலத்தின் பணத்தைக் காக்கும் கடமை வீரர் என்றே தம்மைப் பற்றி எண்ணியிருப்பார். ஒப்புரவுக்கு வந்திருந்தால் தன்னலம் என்ற பாவத்தை அவர் சொல்லியிருக்கப் போவதில்லை. தம் பெயர், தம் பதவி, மேலிடத்தின் நன்மதிப்பு ஆகியவை அவருடைய கணக்கில் தன்னலம் என்ற தலைப்பின் கீழ் வரவே இல்லை. பத்து ரூபாயை மறைத்த கிழவியின் மனசாட்சி அவரைக் காட்டிலும் கூர்மையானது.

அவரை எதிர்த்து நின்றவர் மாகாணத்தின் சுகாதார ஆணையர் மருத்துவர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். அவர் அறவுரை பேசவில்லை, தராசைக் கையில் எடுத்தார். உழைக்கும் உடலுக்கு ஒன்றரை இராத்தல் தானியமும், அதற்கு மேல் காய்கறியும் பருப்பும் வேண்டும் என்று வாதிட்டார். சிறைக் கைதிக்கு அரசு கொடுக்கும் உணவே இதைவிட மிகுதி என்று சுட்டிக்காட்டினார். ஒரு மனிதன் தன் உடலுக்கென்று கேட்கும் உரிமையுள்ள அளவு எது என்பதையே அவர் இராத்தல் கணக்கில் வரையறுத்தார் எனலாம். அன்பின் ஒழுங்கைப் பற்றிய புனித தோமாவின் பகுதிக்கு இதைவிடச் சிறந்த விரிவுரை எனக்குத் தெரியாது. அந்த ஆண்டிலேயே மாகாண அரசு ஒன்றேகால் இராத்தல் தானியமும் சிறிது பருப்பும் என்று கூலியை உயர்த்தியது. கார்னிஷ் கேட்டது முழுதும் கிடைக்கவில்லை.

அதே 1877 ஆகஸ்டில் பக்கிங்காம் கோமகன் விடுத்த வேண்டுகோளை ஏற்று, இலண்டன் மாநகரத் தலைவரின் நிதிக்கு இங்கிலாந்து மக்கள் ஆறு இலட்சம் பவுனுக்கு மேல் வழங்கினர். லிட்டன் பிரபு இதை விரும்பவில்லை. தம் அரசின் கொள்கைக்கு இழுக்கு என்று கருதினார் போலும். தன் வருவாயில் ஒரு பகுதியை எடுத்துவைத்துக்கொண்டு எஞ்சியதிலிருந்து சில ஷில்லிங் கொடுத்த ஆங்கிலேயத் தொழிலாளியின் தன்னலத்தை எண்ணிப் பார்க்கின்றேன். அவனும் தனக்கென்று வைத்துக்கொண்டவன்தான்.

நம் வீட்டையும் நாம் விட்டுவிடலாகாது. சேலம் மறைமாவட்டம் 1930-இல்தான் உருவாயிற்று. பஞ்ச காலத்தில் இப்பகுதியின் பெரும்பகுதி புதுச்சேரி மறைபரப்பு ஆட்சியின் கீழ், ஆயர் லவுனானின் பொறுப்பில் இருந்தது. பாரிசு மறைபரப்புச் சபைக் குருக்கள் கஞ்சி ஊற்றினார்கள், அனாதைப் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தார்கள், நோயுற்றோரிடையே உழைத்தார்கள். அக்காலத்தில் திருமுழுக்குப் பெற்றோர் தொகை திடீரென உயர்ந்தது. ‘அரிசிக் கிறிஸ்தவர்’ என்ற ஏளனச் சொல் அதனைத் தொடர்ந்து வந்தது. கஞ்சியைப் பெற்றவன் பசியால் வந்தான் என்பதில் குற்றம் இல்லை. உயிர் பிழைக்க விரும்புவது எவ்வகைத் தன்னலமும் அன்று. கஞ்சி ஊற்றியவனைத்தான் கேட்க வேண்டும்: ஆண்டறிக்கையில் எண்ணிக்கையை எழுதும்போது அவனுடைய பேனா எதற்காக மகிழ்ந்தது? பலர் தூய உள்ளத்தோடு மகிழ்ந்திருப்பர். எல்லாரும் அவ்வாறே என்று சொல்ல என் நா எழவில்லை. பங்குக் கோயில் கட்டட நிதியை எண்ணும் வேளையில் என் மகிழ்ச்சியையே என்னால் முழுதாக நம்ப முடிவதில்லை. திருச்சபைக்காக, ஊருக்காக, கட்சிக்காக, குடும்பத்துக்காக என்று நாம் செய்யும் செயல்களில் ‘நான்’ என்பது எங்கே ஒளிந்திருக்கின்றது என்று கண்டுபிடிப்பது எளிதன்று. தனக்கென்று ஒரு பிடி எடுத்துவைப்பவன் அதை இவ்வளவு என்று காட்டிவிட முடியும். பிறருக்காகவே வாழ்வதாக எண்ணுபவனிடம் அளந்து காட்ட ஒன்றும் இல்லை.

அந்த இரண்டு ஆண்டுகளில் மலைமேல் காப்பி வழக்கம்போல் பூத்துக் காய்த்தது. மலைமேல் இருந்த துரைமார்கள் கீழே கண்டது என்ன, கண்டும் காணாதது என்ன என்பதை ஆராய இங்கே இடமில்லை. பசித்தவனை நேரில் காணும் தொலைவில் இருப்பவனுக்கும் கல்கத்தாவில் இருப்பவனுக்கும் கடமை ஒரே அளவினது அன்று என்று மட்டும் குறிப்பேன். எல்லையைத் தொட்டுவிட்டோமா என்பதை அறிய, எதிரில் ஒரு முகம் வேண்டும். டெம்பிள் முகாம்களைப் பார்வையிட்டார். ஆனால் முகங்களைப் பட்டியலாகப் பார்த்தார்.

சர் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சியின் தலைமையில் அமைந்த பஞ்ச ஆணையம் 1880-இல் அறிக்கை தந்தது. பஞ்ச காலத்தில் உயிர்களைக் காப்பது அரசின் கடமை என்பதை அது ஏற்றது. அதன் பயனாகப் பஞ்ச நிவாரண விதித்தொகுப்புகள் எழுதப்பட்டன. பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஏறத்தாழ 55 இலட்சம் பேர் இறந்தனர் என்பது பொதுவாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. சேலம் மாவட்டத்தில் 1871-இல் எடுத்த கணக்கின்படி மக்கள்தொகை 19 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல். 1881-இல் அது 16 இலட்சத்தை ஒட்டி நின்றது. இறந்தவர் எத்தனை பேர், பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போனவர் எத்தனை பேர் என்று அந்த எண் பிரித்துக் காட்டுவதில்லை. 1891-இல் எடுத்த கணக்கில்தான் மாவட்டம் மீண்டும் பழைய எண்ணிக்கையின் அருகே வந்தது.